பீரோவில் இருக்கும் பொம்மைகளை வெளியே எடுங்கள்

திருப்பூர் மாவட்ட அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்: வாரம் ஒரு பாடவேளையாவது பொம்மைகளைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

என் வகுப்பில் ஓர் ஆட்டுக்குட்டி இருக்கிறது. கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த கைப்பாவை, சட்டைப் பொத்தான்தான் கண். அதற்குக் கணக்கு வராது. 32இல் 17 போனால் 25 என்று சொல்லும். 2இல் 7 போகாதே என்று, 7இல் 2ஐக் கழித்துவிடும். நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அதையே நோட்டில் சிவப்பு மையால் சுழித்தால் முகம் வாடிப்போகும். ஆட்டுக்குட்டி செய்தாலோ வகுப்பே எழுந்துவிடுகிறது. பத்துப் பத்தாகக் கட்டிய சீமாற்றுக் குச்சியில் ஒரு கட்டை அவிழ்த்து, "இப்பப் பாரு, 12ல 7 போனா 5" என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் எத்தனையோ முறை விளக்கியும் பிடிபடாத கழித்தல், குட்டிக்கு விளக்கும்போது அவர்களுக்கே பிடிபட்டுவிட்டது.

ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் பிள்ளை நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பாவையைக் கையில் மாட்டிக்கொண்டு, "குட்டிக்குப் பசிக்குது" என்றாள். தப்பாகப் பேசினாலும் பேசுவது குட்டிதானே, அந்தத் தைரியம். அப்புறம் அவள் ஊர்க் கலையான ராவணசாயா நிழற்கூத்தைப் பற்றி வகுப்பில் சொன்னேன். அந்தப் பாவைகளுக்கு மூட்டு கிடையாது, வண்ணமும் கிடையாது. நம் தோல்பாவைகளுக்கு இரண்டும் உண்டு. காலண்டர் அட்டையில் இரண்டு விதமாகவும் வெட்டி, வேட்டியைத் திரையாகக் கட்டி, செல்போன் வெளிச்சத்தில் ஆட்டினோம். அன்று கதை சொன்னது அவள்தான்.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். எனக்கும் அதே பாடத்திட்டம்தானுங்க. ஆனால் கதையில் வந்த பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருப்பதில்லை. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், நம் கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தபோது, பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. உடுக்கைச் சத்தத்துக்கு விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதே கதையும் பொம்மலாட்டமும் முறைப்படி வகுப்புக்குள் வந்துவிட்டன. ஆனால் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில், அழுக்காகிவிடும் என்று பொம்மைகளைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். பார்வையிட அதிகாரி வரும் நாளில்தான் அவை வெளியே வரும். துணிதானே, துவைத்துக்கொள்ளலாம்.

வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பொம்மையும் பேசட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மாரிடம் சொன்னால், கதை சொல்ல அமுச்சிகள், அதாவது பாட்டிமார், வருவார்கள்.

என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பொம்மைக்குத்தான். ஒருநாள் வந்து பாருங்க. உங்கள் பள்ளியில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால் கூட்டி வாருங்கள், அதற்கும் ஒரு பாவை தைத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி