பெரிய குழந்தைகளுக்கும் வீடு தேவை

ஆசிரியருக்கு,

தத்தெடுப்பு விழிப்புணர்வுக் கூட்டத்தை ஊட்டியோடு முடித்துக்கொள்ளாமல், கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தொழிற்சாலை வாசல்களிலும் விவரம் ஒட்ட வேண்டும். பலரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையையே கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளும், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கைகளும் காப்பகத்திலேயே வளர்கிறார்கள். எட்டு வயது கடந்த குழந்தைக்கு, தம்பதியரின் கூட்டு வயது 110 வரை இருக்கலாம். ஐம்பதைத் தொட்டவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை!

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இடறுவது திருமணச் சான்று. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகுதான், தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) இணையதளம். அங்கே பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும் என்பதால், மருத்துவச் சான்று, வருமானச் சான்று எல்லாம் முன்பே கையில் இருக்கட்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் வீட்டாய்வு அறிக்கை 3 ஆண்டு செல்லும்.

– குழந்தைகள் நலப் பணியாளர்கள், குன்னூர்