விளம்பரத்தைக் கூட்டுவதற்கு முதல் கடைப் பக்கத்தைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒன்லைனில் துணி விற்பவர்கள் இப்போது ஏராளம். காத்தான்குடியில் அபாயா, கல்முனையில் பிள்ளைகளின் உடுப்பு, எங்கள் மருதமுனையில் கைத்தறிச் சாறியும் சாறனும் என்று தெருவுக்கு ஒருவராவது போனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளிலும் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளிலும் நான் கண்டதெல்லாம் ஒரே பாடம்தான்: முகநூலில் விளம்பரம் போடுங்கள், விலைக்கழிவு கொடுங்கள், ஆட்களைக் கூட்டி வாருங்கள். சரி, வந்த ஆட்கள் ஏன் வாங்காமல் திரும்பிப் போகிறார்கள் என்று கேட்பாரில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன நோன்பு மாதத்தில் என் உம்மா ஒரு ஒன்லைன் கடையில் அபாயா ஒன்றைப் பார்த்து விரும்பினார். பக்கம் திறக்கவே நேரம் எடுத்தது, படம் பாதி வந்து நின்று நின்று இறங்கியது. அளவு என்ற இடத்தில் 'ஃப்ரீ சைஸ்' என்று மட்டும் இருந்தது. பரவாயில்லை, நீளம் கூடினால் வெட்டித் தைக்கலாம் என்று சொல்லிக் கடைப் பக்கத்தின் பையில் (கார்ட்) போட்டார். உடனே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டது, உம்மாவிடம் மின்னஞ்சல் கிடையாது, என்னுடையதைக் கொடுத்துக் கணக்குத் திறந்தோம். அப்புறம் முகவரி. 'மாநிலம்' என்று ஒரு கட்டம், நிரப்பாமல் விட்டால் மேலே போகாது. நம் நாட்டில் எந்த மாநிலத்தை எழுதுவது? எதையோ போட்டுத் தாண்டினால், கடைசிப் பக்கத்தில் கூரியருக்கு 500 ரூபா சேர்ந்து நிற்கிறது. உம்மா போனைத் திருப்பி என் கையில் தந்துவிட்டுச் சொன்னது இது: "500 ரூபாவுக்கு இல்ல மகள், முதல்லயே சொல்லியிருந்தா வாங்கியிருப்பன். கடைசில சொல்றதுதான் மனசுக்குப் பிடிக்கல்ல."

அந்தக் கடையின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் அன்றிரவு எங்கள் ராத்தாவின் கடையை என் போனில் ஒரு வாடிக்கையாளர் மாதிரித் திறந்து பார்த்தேன், அதே குறைகள் ஒவ்வொன்றும் அங்கேயும் இருந்தன. ராத்தா மூன்று வருடமாகக் கைத்தறித் துணி விற்கிறார். வாப்பா தறியில் இருந்தவர், பாவு இழுத்து, சாயம் போட்டு, நாடா தட்டி ஒரு சாறி முடிய எத்தனை கை படுகிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பாடுபட்டு வந்த துணி, ஒரு மோசமான பக்கத்தால் விற்காமல் கிடக்கிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கடைப் பக்கத்துக்கு 1000 பேர் வந்து 10 பேர் வாங்கினால் அது நூற்றுக்கு ஒன்று. அதே 1000 பேரில் 15 பேர் வாங்கும்படி செய்தால் விளம்பரத்துக்கு ஒரு சதமும் கூட்டாமல் விற்பனை ஒன்றரை மடங்கு. பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த 15 பேரைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்னும் 500 பேரைக் காசு கொடுத்துக் கூட்டி வர வேண்டும், அடுத்த மாதமும் அதே காசு. ஒன்லைன் கடைகளை ஆராயும் பேமார்ட் என்ற நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது, பொருளைப் பையில் போட்டவர்களில் ஏறக்குறைய 70 வீதமானோர் வாங்காமலே போகிறார்கள் என்று. சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு மற்றவர்களிடம் ஏன் என்று கேட்டால் முதலாவதாக வரும் காரணம், கடைசியில் சேரும் மேலதிகச் செலவு. உம்மா சொன்ன அதே விஷயம்தான்.

காத்தான்குடிப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்குள் போனால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் துணியை விரித்துப் போடுகிறார். நாம் ஓரத்தை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம், தோளில் போட்டுப் பார்க்கிறோம், டியூப் லைட்டை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை பேசுவது. ஒன்லைன் கடையில் இதில் ஒன்றையும் செய்ய முடியாது, அதனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பக்கமே பதில் சொல்ல வேண்டும், அதுவும் கேட்பதற்கு முன்பே.

ராத்தாவின் படங்கள் இரவில் அறைக்குள் எடுத்தவை. நல்ல மெரூன் சாறி பழுப்பாகத் தெரிந்தது, வாங்கியவர்கள் நிறம் வேறு என்று சண்டைக்கு வந்ததும் அதனால்தான். இப்போது காலையில் திண்ணை நிழலில், வெள்ளைச் சுவரோடு வைத்து எடுக்கிறோம். முழுச் சாறி ஒன்று, கரையும் தலைப்பும் தெரிய ஒன்று, இழை எண்ணும் அளவுக்குக் கிட்டப் போய் ஒன்று, ஒருவர் உடுத்தியபடி ஒன்று. கீழே சாறி 5.5 மீற்றர், சட்டைத் துணி 80 சென்ரிமீற்றர், முதல் தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அபாயா விற்பவர்கள் 52, 54, 56 என்று போடுகிறார்கள், அது அங்குலத்தில் நீளம் என்பது வழமையாக வாங்குபவருக்குத் தெரியும், முதல் தடவை மகளுக்கு வாங்கும் தகப்பனுக்குத் தெரியுமா? படத்தில் இருப்பவர் 5 அடி 2 அங்குலம், அவர் உடுத்தியிருப்பது 54 என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். 'எம்', 'எல்' என்று மட்டும் போட்டு விடாதீர்கள், ஒரு கடையின் எம் இன்னொரு கடையின் எல்லாக இருக்கிறது, நெஞ்சளவை அங்குலத்தில் போடுங்கள்.

படம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பாரமும் குறைய வேண்டும். இப்போதைய போனில் எடுத்த ஒரு படம் 4 எம்பி வரைக்கும் போகிறது. ஒரு சாறிக்கு ஐந்து படம் என்றால் 20 எம்பி, வாங்க வருபவரின் டேட்டாவில் இருந்து. படுவான்கரைப் பக்கம் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு காட்டும் இடத்தில் அது இறங்கி முடிவதற்குள் அந்த அக்கா வேறு வேலைக்குப் போய்விடுவார். மொபைல் பக்கம் திறக்க 3 செக்கனுக்கு மேல் எடுத்தால் வந்தவர்களில் 53 வீதமானோர் விட்டுவிட்டுப் போவதாகக் கூகுள் 2016இல் சொன்னது. நாங்கள் ஒவ்வொரு படத்தையும் வெப்பி (WebP) என்ற பாரம் குறைந்த பட வகைக்கு மாற்றி 150 கேபி அளவுக்குக் கொண்டு வந்தோம், போன் திரையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முகப்பில் தானாக ஓடிக்கொண்டிருந்த மூன்று பெரிய படங்களையும் தூக்கிவிட்டோம். அவற்றை வாசிக்கும் முன்பே அடுத்தது வந்து விடுகிறது, எதற்கு அது?

கணக்குத் திறந்தால்தான் வாங்கலாம் என்ற கட்டாயம் பற்றி ஒரு உண்மைக் கதை இருக்கிறது. ஜாரெட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் 2009இல் எழுதியது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஒன்லைன் கடை, பொருளைப் போடும் பைக்கும் காசு கட்டும் பக்கத்துக்கும் இடையில் ஒரு சின்னப் படிவத்தை வைத்திருந்தது: மின்னஞ்சல், கடவுச்சொல், 'உள்நுழை', 'பதிவு செய்'. பழைய வாடிக்கையாளருக்கு வசதி என்று நினைத்து வைத்தது. புதியவர்களுக்கு அது எரிச்சல். பழையவர்களும் எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம், என்ன கடவுச்சொல் வைத்தோம் என்று மறந்துபோய் அங்கேயே நின்றார்கள். 'பதிவு செய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடரவும்' என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வாக்கியம் எழுதினார்கள். வாங்கியவர்கள் 45 வீதத்தால் கூடினார்கள், முதல் வருடத்தில் மேலதிக விற்பனை 300 மில்லியன் டொலர். நமக்கு அந்த அளவு வியாபாரம் இல்லைதான், ஆனால் கடவுச்சொல்லை மறப்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே.

படிவத்தையும் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே எடுத்துப் போட்டால் மாநிலம் கேட்கும், தபால் குறியீடு கேட்கும். மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300 என்று தபால் கந்தோரில் வேலை செய்பவர் சொல்வார், மற்றவர்கள் போனில் தேட வேண்டியதுதான். பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி, கிட்ட இருக்கும் அடையாளம், இவ்வளவு போதும். கூரியர்ப் பையன் எப்படியும் கோல் எடுத்து "பள்ளிவாசலுக்குப் பின்னாலயா?" என்றுதான் கேட்கப் போகிறார். தொலைபேசிக் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வரட்டும், 07 என்று தொடங்கினாலும் 94 என்று தொடங்கினாலும் ஏற்கட்டும். கூரியர் காசையும் பொருள் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கலாம் என்பதையும் விலைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் இலக்கமும் அங்கேயே இருக்க வேண்டும், பக்கத்தின் அடியில் புதைந்து கிடக்கக் கூடாது.

இன்னொன்று, மொழி. வாங்குபவரும் விற்பவரும் தமிழ், பக்கம் மட்டும் முழுக்க ஆங்கிலம். கொழும்பில் இருந்து ஓடர் வருகிறது, ஆங்கிலமும் சிங்களமும் இருக்கட்டும், ஆனால் 'பையில் போடு' என்று தமிழில் ஒரு பொத்தான் வைக்க என்ன செலவு? எங்கள் மாமி அதைப் பார்த்தவுடன் அமத்தினார்.

மாமி பற்றிச் சொல்ல வேண்டும். எதைத் திருத்துவது என்று தெரியாவிட்டால் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு சாறி வாங்குங்கள் என்று போனைக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள், அது கஷ்டம், ஆனால் இருங்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே குறைகளில் 85 வீதம் வரை வெளியே வந்துவிடும் என்று இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். இரண்டு பொத்தான் நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பரீட்சிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், மாதம் இருபது ஓடர் வரும் கடைக்கு அதில் ஒன்றும் பிடிபடாது, கூடினாலும் குறைந்தாலும் தற்செயலாக இருக்கலாம். நாங்கள் அப்படிப் போனைக் கொடுத்தபோது மாமி படத்தைத் தொட்டு இழுத்துப் பெரிதாக்கப் பார்த்தார், பெரிதாகவில்லை. விலையைத் தேடினார், அது மங்கிய சாம்பல் எழுத்தில் இருந்தது, "விலையே போடல்லையா?" என்று கேட்டார். சிவப்புப் பொத்தான் நல்லதா பச்சைப் பொத்தான் நல்லதா என்று நாங்கள் இரண்டு நாள் பேசியிருந்தோம், பிரச்சினை நிறத்தில் இல்லை, எழுத்து பின்னணியில் கரைந்து போனதில்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல் இருக்கிறது, அதை அளக்க இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். '10 நிமிடத்தில் விலைக்கழிவு முடிகிறது' என்று பொய்க் கடிகாரம், 'இரண்டு மட்டுமே மீதம்' என்று பொய் எண்ணிக்கை, இவற்றையும் வடிவமைப்பு என்ற பெயரில் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தியாவில் 2023 நவம்பரில் இப்படியான 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்து வழிகாட்டலே போட்டார்கள். பக்கத்தைப் புதுப்பித்தவுடன் கடிகாரம் மீண்டும் 10இல் இருந்து ஓடுவதை எங்கள் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்து விடுகிறார்கள். ராத்தாவிடம் சில சாறிகள் உண்மையிலேயே ஒன்றுதான் இருக்கும், தறியில் ஒன்றுதான் நெய்தது, அதை அப்படியே எழுதினால் போதும்.

இதெல்லாம் செய்த பிறகு விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்பீர்கள். கூடியது, ஆனால் அடுத்தது ஹஜ் பெருநாள் மாதம், எது பெருநாளால், எது திருத்தத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, நிறம் வேறு என்று வரும் சண்டையும் "அளவு என்ன?" என்று இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப்பும் நன்றாகக் குறைந்தன. மாற்றிக் கொடுப்பது பற்றி எழுத ராத்தாவுக்கு இன்னும் பயம், திருப்பி அனுப்பும் கூரியர் காசை யார் கொடுப்பது என்ற கேள்வியில் வீட்டில் முடிவு வரவில்லை. அதைத் தீர்த்துக்கொண்ட கடைக்காரர்கள் யாராவது இருந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதுங்கள்.

பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் போடச் சொல்லிக்கொடுக்கும் அதே மண்டபத்துக்கு வாங்குபவர்கள் ஐந்து பேரையும் கூட்டி வந்து, பயிற்சிக்கு வந்தவர்களின் கடைகளை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், அரை நாள் போதும். மருதமுனையில் இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் எந்தக் கடைக்காரராவது தன் பக்கத்தை அப்படிப் பார்க்க விரும்பினால், ஆசிரியர் ஊடாக அறிவித்தால் நான் வருவேன், காசு ஒன்றும் வேண்டாம். உம்மாவும் மாமியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மருதமுனை வாசகி