பொய் நம்பிக்கை தராதவர்களுக்கு நன்றி

சோழவந்தான் ஊர்க்காரர்களுக்கும், மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிடுகிறார். தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்து தண்டுவடத்தில் அடிபட்டபோது ஓடி வந்த பலரிடம், அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் முழுசாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம், தோப்பு, வீடு என்று ஓடுவதில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வர முடியவில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, அவரை அள்ளித் தூக்காதவர்களுக்கு. விழுந்த ஆளைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அன்றைக்குப் பக்கத்துத் தோப்பு மிலிட்டரி மாமா "எவனும் தொடாதே" என்று போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். மோட்டார் ரூம் கதவைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேராக உருட்டிக் கதவில் ஏற்றி, 108 நிற்கும் இடம்வரை ஆடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புக் கற்றைதான் தண்டுவடம்; சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். எலும்பு உடைந்திருக்கும்போது முதுகை மடக்கினால், நசுங்காமல் தப்பிய நரம்பிழைகளும் போய்விடும். அவர் இன்று நிற்பதில் பாதி அந்தக் கதவால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமா இதைப் படித்தால் "சும்மா இரு பாப்பா" என்பார். இருக்க மாட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் முதுகெலும்புக்குக் கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட நர்ஸம்மாக்களும் ஆயாம்மாக்களும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். திட்டித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிருக்கே உலை வைக்கிற விஷயம் அது.

அங்கே இருந்த இளவயது டாக்டர் ஒருவருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். "நரம்பு திரும்ப வளருமா சார்?" என்று நான் கேட்டபோது, கடவுள் விட்ட வழி என்று சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். நியூரான் படம் வரையச் சொல்லி மார்க் போடுகிறவள். எனக்கே அதில் பாதி புதிது.

அவர் சொன்னது இதுதான்: கையில் வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். தண்டுவடத்து நரம்பு அப்படி வளராது. அந்த செல்களுக்கு வளரவே தெரியாது என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். 1981இல் கனடாவின் மான்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இருவர், எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்ற இழைகள் அதற்குள் நீளமாக வளர்ந்தன. ஆக, குறை செல்லில் மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் இடத்திலும் இருக்கிறது. நரம்பின் மேலுறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கிற புரதம் இருப்பதை சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழு கண்டுபிடித்தது. அதற்கு வைத்த பெயர் நோகோ. இன்னொரு தடை, காயம்பட்ட இடத்தில் உண்டாகும் தழும்பு. வெள்ளத்தை மறிக்கப் போட்ட மண்கரை, வெள்ளம் வடிந்தபின் வாய்க்கால் தண்ணீரையும் வயலுக்கு விடாமல் நிற்கிற மாதிரி, புண் பரவாமல் காத்த தழும்பே அப்புறம் நரம்பையும் மறிக்கிறது. அந்தத் தழும்பைக் கரைக்கும் ஒரு நொதியை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் அசைவு ஓரளவு திரும்பியதாக 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

"இதெல்லாம் ஆராய்ச்சி அம்மா, உங்களுக்கு நாளைக்கே கிடைக்கிற மருந்து இல்லை" என்று டாக்டர் அதே மூச்சில் சொல்லிவிட்டார். கேட்க ரொம்பக் கசப்பாக இருந்தது. ஆனால் அதோடு விடாமல், என் வீட்டுக்காரரின் கால் பெருவிரலில் ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். இவர் "லேசா" என்றார். தண்டுவடம் முழுசாக அறுந்துபோகவில்லை, மிச்சமிருக்கும் இழைகளை வைத்து வேலை செய்யலாம் என்றார் டாக்டர்.

அந்தப் பேச்சுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. ஸ்டெம் செல் (பலவகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று வெளியூரிலிருந்து ஓர் இடத்து ஆள் வீட்டுக்கே வந்தார். கேட்டது லட்சக்கணக்கில். தோப்பை அடகு வைக்கக்கூடப் பேசிவிட்டோம். என் நாத்தனார் மகன்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலை எடுத்துவந்து, வரிவரியாகப் படித்துக் காட்டினான். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வுதான், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகமே 2021 கடைசியில்தான் முதல் நோயாளிக்கு அப்படிப்பட்ட செல்களை வைத்துப் பார்த்தது. நம் ஊரில் அதைக் கடையில் விற்கிற மாதிரி விற்க வருகிறார்கள்! தம்பி, உன்னால்தான் தோப்பு இன்னும் எங்கள் கையில் இருக்கிறது.

பிசியோ தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "அண்ணே, கால் அசையலேன்னாலும் அசைக்கிறதா நினைச்சு முயற்சி பண்ணுங்க" என்று தினமும் சொல்வார். காயத்துக்குக் கீழேயும் தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது, மேலிருந்து வரும் உத்தரவுதான் சரியாக எட்டுவதில்லை; திரும்பத் திரும்பச் செய்தால் தப்பிய இழைகள் கிளைவிட்டுப் புது இணைப்பு போட்டுக்கொள்ளும் என்பார். சுவிட்சர்லாந்தின் லோசானில் 2018இல் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்து, பல வருடம் முடங்கிக்கிடந்தவர்களைப் பிடிமானத்தோடு நடக்க வைத்தார்களே, அங்கேயும் மின்சாரத்தோடு விடாத பயிற்சியும் சேர்ந்துதான் வேலை செய்தது. எங்களிடம் மின்முனை இல்லை. காலைத் தாங்கிப் பிடிக்கக் கட்டுகிற காலிப்பரும், இரும்புக் குழாயில் செய்த கைப்பிடிக் கம்பிகளும், தம்பியின் பொறுமையும்தான். கம்பியைப் பற்றவைத்துத் தந்த பட்டறை அண்ணன் இன்றுவரை காசு வாங்கவில்லை. அவருக்கும் நன்றி.

மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் ஐயா, 1981இல் தொடங்கிய இடம் அது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அங்கே வேலை பார்ப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தோப்புக் கணக்கை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அதில் போட்டிருந்த கூட்டல்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

குழுப் பணத்தில் முன்கடன் கொடுத்த அக்காமார்கள், என் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்ட டீச்சர்கள், யாரும் இல்லாத நேரத்தில் அவரோடு உட்கார்ந்து தாயம் ஆடிய பொடிசுகள், எல்லோருக்கும் நன்றி. பேர் பேராகச் சொன்னால் யாராவது விட்டுப்போய்ச் சண்டை வரும்.

எங்கள் நிலைமையையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இடது கால் இன்னும் இழுக்கிறது. சிறுநீர் வெளியேற அவரே கதீட்டர் குழாய் போட்டுக்கொள்கிறார். படி ஏற முடியாது. மரம் ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை. தேங்காய் வெட்ட இனி ஆள் வைத்துத்தான் செய்கிறோம்.

காற்று மெத்தை ஒன்றும் சக்கர நாற்காலி ஒன்றும் எங்கள் வீட்டில் இப்போது சும்மா இருக்கின்றன. நம் பக்கத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மெத்தைக்கு மோட்டார் நன்றாக ஓடுகிறது. டியூப் மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
சோழவந்தான் தென்னந்தோப்பு வீட்டு டீச்சர்