கோழிக்கடன் கொடுக்குற அதிகாரிகளுக்கு: தீவனக் காச தை மாசத்துல கொடுங்க

ராமநாதபுரம் மாவட்டத்துல கோழி வளர்க்க கடன், மானியம்னு கையெழுத்து போடுற ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம். தொண்டிலேர்ந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்துல இயற்கை முறைல கறிக்கு நாட்டுக்கோழி வளர்க்குற பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. கேக்குறது ஒண்ணுதான், தீவனத்துக்குன்னு காச தனியா பிரிங்க, அத கோழி திங்குற வேகத்துக்கு தக்கன கொடுங்க, ஆரம்பத் தவணைய தை பொறக்கும்போதே கொடுங்க.

இப்ப எங்க கைல குடுக்குற ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பூராம் பிராய்லர் கணக்கு. பிராய்லர் 35 நாள்ல மூணேகால் கிலோ தீவனம் தின்னுட்டு ரெண்டு கிலோ எடை வந்துரும். நாட்டு ரகம் அப்படியா வரும்? 14 வாரம் வளர்த்தாலும் ஒண்ணேகால் கிலோ தாண்டுனா நல்ல கோழி, அதுக்கே நாலரை கிலோ தீவனம் போயிரும். 100 கோழிக்கு 450 கிலோ. சொந்தமா அரைச்சு கிலோ 40 ரூபா அடக்கம்னு வச்சுக்கிட்டாகூட 18,000 ரூபா. இதுல மொத நாலு வாரத்துக்கு 55 கிலோ போதும், 2,200 ரூபாய்ல முடிஞ்சுரும், அடுத்த அஞ்சு வாரத்துக்கு 6,200, கடைசி அஞ்சு வாரத்துக்குத்தான் 9,600. பாதிக்கு மேல செலவு கடைசில வந்து நிக்குது. ஆனா கடன் பணம் மொத்தமா வந்து பாதி ஷெட்டு தகரத்துலயே கரைஞ்சுருது, பத்தாவது வாரம் கோழி நல்லா திங்குறப்ப கைல காசு இல்லாம பாதி வயித்துக்கு போட்டு, எடை ஏறாமலே வியாபாரிகிட்ட தூக்கி குடுக்குறாங்க. எங்க பக்கம் தொழில விட்டவங்கள்ல நெறைய பேரு இந்த எடத்துலதான் விட்டாங்க, சீக்குல செத்து நட்டமானது கம்மிதான்.

கடைல ரெடிமேடா வாங்கி போடலாமேன்னு கேப்பீங்க. இயற்கை வேளாண்மைக்கான தேசிய விதிமுறைப்படி, அதான் என்பிஓபி, கரைப்பான்ங்குற ரசாயனம் ஊத்தி எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கு, தவிடு எதுவும் ஆகாது, கோழி வளர வேணுங்குற புரதச் சத்தான மெத்தியோனின செயற்கையா செஞ்சு கலக்குறதும் ஆகாது. மூட்டைத் தீவனத்துல பெரும்பாலும் இதுதான் இருக்கு. அதனால கம்பு, சோளம், செக்குல ஆட்டுன எள்ளுப் புண்ணாக்கு, உப்பு போடாம காயவச்ச காரப்பொடி மீனுன்னு நாங்களே சேர்த்து அரைக்கணும். எள்ளுல மெத்தியோனின் இருக்கு, லைசின்ங்குற இன்னொரு புரதச் சத்து கம்மி, அந்த கொறைய மீன் சரிக்கட்டும். (இயற்கை முறைன்னு சர்டிபிகேட் எடுக்குறவங்க மீனுக்கு அத குடுக்குற ஏஜென்சிகிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதி வாங்கிக்கணும்.) உப்புக் கருவாடு கூடவே கூடாது, ஏற்கனவே நம்ம ஊரு தண்ணி உப்பு, ரெண்டும் சேந்தா கோழி தண்ணியா கழிஞ்சு தரை பூராம் ஈரமாயிரும், அப்புறம் ரத்தக்கழிச்சல்தான். விக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே மீன நிறுத்திரணும், இல்லனா கறில மீன் வாடை அடிக்கும்.

இப்ப தை மாசம் ஏன்னு சொல்றேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் மானாவாரி கம்பும் சோளமும் அறுவடையாகி களத்துக்கு வர்றது தை மாசியில, அப்ப வெல எறங்கி கெடக்கும். விசைப்படகு ஓடுறதால காரப்பொடியும் மலிவா கெடைக்கும். தை ஆரம்பத்துல குஞ்சு எறக்குனா 14 வாரம் முடியுறது சித்திரையில. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் வெல ஏறி ஜனங்க கறிக்கோழி தேடுற நேரம், நம்ம கோழி சரியா அப்ப தயாரா நிக்கும்.

ஆனா நீங்க கடன குடுக்குறது மார்ச் கடைசில, கணக்கு முடிக்கிற அவசரத்துல. ஏப்ரல்ல குஞ்சு எறக்கி, அது நல்லா திங்குற ஜூன் ஜூலைல பாத்தா கம்பு வெல ஏறிருக்கு, ஜூன் பாதி வரைக்கும் தடைக்காலம்ங்கறதால காரப்பொடி வரத்து இருக்காது, மாசில வாங்கி வைக்கவும் காசு இருந்துருக்காது. அதே கோழி, அதே ஷெட்டு, தீவனச் செலவு மட்டும் எங்கயோ போயிருது.

மொத்தமா வாங்கி வைக்கிறதுக்கும் ஒரு அளவு உண்டு. கடக்காத்துல ஈரம் ஏறி புண்ணாக்குல பூஞ்சை புடிக்கும், கடலைப் புண்ணாக்குனா இன்னும் மோசம், அந்த நஞ்சு கோழி ஈரல கெடுத்துரும். தானியத்த நல்லா காயவச்சு பலகை மேல அடுக்குனா நிக்கும், புண்ணாக்க மட்டும் அப்பப்ப செக்குல வாங்கிக்கணும். அதனாலதான் தவணையா கேக்குறோம்.

மார்கழிக்குள்ள விண்ணப்பத்த பாத்து முடிச்சுருங்க. மொத தவணைல குஞ்சுக்கும், களத்துலயே கம்பு வாங்கி வைக்கவும் காசு வரட்டும், அஞ்சாவது வாரம் ரெண்டாவது தவணை, பத்தாவது வாரம் மூணாவது. ஷெட்டுக்கு பனைமட்டையும் கருவேலங் கம்பும் எங்ககிட்ட இருக்கு, அதுக்கு ஒதுக்குறத கொறச்சு தீவனத்துல சேத்துருங்க. ரிப்போர்ட்ட திருத்தும்போது மகளிர் குழுவுலேர்ந்து கோழி வளர்க்குற ரெண்டு பேர கூப்பிட்டு உக்கார வைங்க, வாராவாரம் எவ்வளவு தீவனம் போட்டோம்னு எழுதுன நோட்டோட வர்றோம்.