செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மடிப்பாக்கம் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு பற்றிய மனுக்களின் நிலை தனித்தாளில் உங்கள் கையில் இருக்கிறது. போன ஆண்டுத் தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் இங்கே வாசிக்கவில்லை. ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தல். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு வாக்காளர் பட்டியலுக்கே போனது.

2019-ல் தமிழ்நாடு முழுவதும் 72 விழுக்காடு வாக்குப் பதிவானது. நம் தென் சென்னைத் தொகுதியில் 57 தான். படித்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். தெருத் தெருவாகப் பட்டியலைச் சரிபார்த்த பிறகு, அதில் பாதிதான் உண்மை என்று எனக்குப் படுகிறது. காலி செய்துகொண்டு போனவர், காலமானவர், இரண்டு ஊரில் பெயர் வைத்திருப்பவர் என எல்லாருமே கணக்கில் வாக்களிக்காதவர்கள்தான்.

அக்டோபர் 27-ல் வரைவுப் பட்டியல் வந்ததும் பாகம் வாரியாக அச்செடுத்தோம். நவம்பர் சிறப்பு முகாம்களில் பள்ளி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். அங்கே அதிகம் காதில் விழுந்தது, "கார்டுதான் இருக்கே சார்" என்பது. கார்டு இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு கிடையாது. இதைப் புரியவைப்பதற்குள் நம் தொண்டர்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

இணையத்தில் தேடிய சிலர் பெயரே இல்லை என்று பதறி வந்தார்கள். 2011 முதல் நாம் சென்னை மாநகராட்சி. வருவாய்த் துறைக்கும் சென்னை மாவட்டம். ஆனால் வாக்காளர் பட்டியலில் நம் சட்டமன்றத் தொகுதியான சோழிங்கநல்லூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. மாவட்டத்தை மாற்றித் தேடச் சொன்னதும் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் வாக்காளர்களோடு மாநிலத்திலேயே பெரிய சட்டமன்றத் தொகுதி இது. இந்தக் கூட்டத்தில் ஒரு பெயர் தொலைவது பெரிய விஷயமில்லை.

வாடகைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் பலர் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பிக்கொண்டு வந்தார்கள். சொந்த ஊரில் ஏற்கெனவே பெயர் உள்ளவர் தர வேண்டியது இடமாற்றத்துக்கான படிவம் 8. "ஊர்லயும் இருக்கட்டும், இங்கயும் இருக்கட்டும்" என்றவர்களிடம், பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் நீக்கத்துக்கான படிவம் 7-தான் கடினம். கணவர் இறந்து இரண்டு ஆண்டாகியும் அவர் பெயரை நீக்க ஓர் அம்மா மனம் வைக்கவில்லை. "அதுலயாவது அவர் பேரு இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார். எங்களில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நம் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி ஊழியர்தான் இன்னொரு நாள் போய், காபி குடித்து, பேசி, கையெழுத்து வாங்கி வந்தார். குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் செய்யும் அவருக்குச் சங்கத்தின் நன்றி.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். தரைத்தள வீடுகளில் புகுந்த தண்ணீர் பீரோவின் கீழ்த்தட்டையும் விடவில்லை, ஆவணங்கள் ஊறிப்போயின. மாற்று வாக்காளர் அட்டைக்கும் அதே படிவம் 8 என்பதால் அந்த வீடுகளுக்கு நாமே எழுதிக் கொடுத்தோம். ஜெராக்ஸ் செலவு சங்கத்தினுடையது.

ஜனவரி 22-ல் இறுதிப் பட்டியல் வந்தது. மார்ச் 17 வரை விண்ணப்பித்தவர்களோடு இந்தத் தேர்தலுக்கான சேர்க்கை முடிந்தது. 85 வயது கடந்த மூத்தவர்களில் விரும்பியோர் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி கொடுத்திருக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது: பூத் சிலிப் அடையாள ஆவணம் ஆகாது. ரேஷன் கார்டும் ஆகாது. புயல் நிவாரணம் 6,000 ரூபாய் வாங்கித் தந்த கார்டாயிற்றே என்று வாக்குச்சாவடியில் வாதாட வேண்டாம். வாக்காளர் அட்டை இல்லாதவர் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்ற ஒன்றைக் கொண்டு போகலாம். காலை 7 முதல் மாலை 6 வரை நேரம். வெள்ளிக்கிழமை என்பதால் மூன்று நாள் விடுமுறைத் திட்டம் போட்டிருப்பவர்கள் வாக்களித்துவிட்டுக் கிளம்பட்டும்.

முதியோருக்கு ஆட்டோ அனுப்பும் யோசனையைக் கைவிட்டோம். வேட்பாளர் தரப்பு வண்டி வைப்பது சட்டப்படி முறைகேடு. நாம் வைத்தாலும் எந்தக் கட்சியின் வண்டி என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டார் தங்கள் வண்டியில் அழைத்துப் போகலாம். சங்கத்தின் அறையைக் கூட்டத்துக்குக் கேட்ட எல்லாக் கட்சியினருக்கும் ஒரே பதில்தான் சொன்னோம்: இல்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்