திருப்பணி நிறைவு அறிக்கை: கேமரா கண்காணிப்பு ஏற்பாடு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகத்துக்குப் பின் பாக்கியிருந்த கடைசி வேலை முடிந்துவிட்டது. கோபுரத்துக்கு வர்ணம் அடித்தால் தெருவே பார்க்கும். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கேமரா, ரெக்கார்டர், யூபிஎஸ் எல்லாவற்றையும் இனி ஜாபிக்ஸ் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 2001இல் வெளிவந்தது, உரிமக் கட்டணம் கிடையாது. உறுப்பினர் ஒருவர் கொடுத்த பழைய கணினியில் ஓடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை மனதில் வைத்து, கருவிகள் உள்ள பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் நிமிடத்துக்கு ஒருமுறை பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி, போகும். தொடர்ந்து பதில் இல்லையென்றால் டெலிகிராமில் செய்தி வரும். யூபிஎஸ் மட்டும் கேட்கும்வரை காத்திருக்காது, கரண்ட் போனதும் தானே சொல்லிவிடும்.

நிறுவியது பெரிய வேலையில்லை. எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று அதற்குப் பழக்குவதில்தான் நேரம் போயிற்று. வெள்ளோட்டத்தின்போது பிரகாரத்து நெட்வொர்க் சுவிட்ச் (கேமரா கேபிள்கள் வந்து சேரும் கருவி) நின்றதும் அதில் இணைந்த கேமராக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செய்தி வந்து குவிந்தது. பொருளாளர் போனையே அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது கேமரா எச்சரிக்கைகள் சுவிட்சைச் சார்ந்தவை: சுவிட்ச் போனால் ஒரே செய்திதான். பெட்டிச் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை, 45க்குக் கீழே இறங்கினால்தான் ‘சரியாயிற்று’. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் சித்திரை வெயிலில் நாள் முழுக்க வந்துபோய்க்கொண்டிருக்கும்.

தானியங்கி நடவடிக்கை விஷயத்தில் கமிட்டி கை இறுக்கமாகவே இருந்தது. கேமராவுக்கு மின்சாரமும் படமும் ஒரே கேபிளில்தான் போகின்றன. ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால், மென்பொருளே சுவிட்சிடம் சொல்லி அந்த கேமராவின் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும். உறைந்துபோன கேமரா பெரும்பாலும் இதிலேயே எழுந்துவிடும். ஆனால் ஒரு தடவைதான். எழாவிட்டால் எலக்ட்ரீஷியனுக்குச் செய்தி. நம் தண்டையார்பேட்டைக் கடற்காற்றில் ஜாக் முனையில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கோளாறு வெளியே வராது. ரெக்கார்டரையும் இப்படிச் செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். உண்டியல் எண்ணும்போது பதிவு அறுந்தால் யார் பதில் சொல்வது?

எலக்ட்ரீஷியன் 15 நிமிடத்தில் ‘பார்த்தேன்’ என்று குறிக்காவிட்டால் செய்தி செயலாளருக்குப் போகும். சாதாரண எச்சரிக்கைகள் இரவில் வராது, காலையில் வரும். ஆடிக் கூழ் வார்க்கும் நாளில் மைக்செட்காரரும் சீரியல் லைட்காரரும் போர்டில் கை வைப்பார்கள். வீண் எச்சரிக்கை வராமலிருக்க, அன்றைக்குப் பராமரிப்பு நேரம் என்று முன்கூட்டியே பதிந்துவிடுவோம்.

கணினியோ இணையமோ போனால் சொல்ல ஆளில்லையே என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் தினமும் காலை 6 மணிக்கு ‘நலம்’ என்று ஒரு செய்தி பூசாரிக்கும் செயலாளருக்கும் வருகிறது. வராத நாளில் பூசாரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். கடவுச்சொல் உறையிலிட்டுப் பொருளாளரிடம் இருக்கிறது. செலவுக் கணக்கு அலுவலக அறைப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி