கரையில் இருக்கும் ஆளுக்கு ஒரு தாள்

வல்வெட்டித்துறை,
தை மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதோடு அனுப்பிய பயணத் திட்ட நகலும் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தன. பட்டத் திருவிழா முடிந்து கடற்கரை முழுக்க அறுந்த நூலும் கிழிந்த ரிசுத் தாளுமாகக் கிடக்கிறது. இந்த முறை வாடை நல்ல இழுவை. பெடியள் ஏற்றிய பட்டங்களில் ஒன்று கப்பல் வடிவம், மூன்று பாயும் வைத்துக் கட்டியிருந்தார்கள். உன்னைத்தான் நினைத்தேன்.

26 அடிப் பாய்ப் படகு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் ஆனி மாதம் சவுத்தாம்ரனிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் கரையின் செர்பூர் போகிறேன், நீடில்ஸ் பாறையிலிருந்து அறுபது கடல்மைல்தானே, அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவுக்கு ஓட்டிய ஊர்க்காரனுக்கு இது ஒரு தூரமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் சிரித்தேன். 1938இல் குளொஸ்ரர் துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் கொண்டுபோய்க் கட்டியவர்கள் நடக்கப் பழகும்போதே சுக்கான் பிடித்தவர்கள். நீ முப்பது வருடம் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தவன். ஊர் ஒன்று என்பதற்காகக் கடல் உன்னை அடையாளம் கண்டு விலகிப் போகாது.

படகோட்டும் வகுப்பில் பயணத் திட்டம் எழுதச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கிறார்கள், பொழுதுபோக்குப் படகுக்கு எதற்கு இந்தச் சட்டம் என்றும் எழுதியிருந்தாய். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை ஐந்தாம் அத்தியாயத்தின் 34ஆம் விதி 2002 ஆடி முதல் உன்னுடையதைப் போன்ற சின்னப் படகுக்கும் பொருந்தும். நான் பெரிய கப்பலில் துறை விட்டுத் துறை வரைக்கும் பக்கம் பக்கமாக எழுதியதைப் போல நீ எழுத வேண்டாம். வானிலை, நீரோட்டம், படகின் பலம், கூட வருகிறவர்களின் பலம், வழியிலுள்ள ஆபத்து, சரிவராவிட்டால் வேறு எங்கே போவது, கரையில் யாருக்குத் தெரியும் என்று யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நாமும் ஒருநாள் விட்டோமே.

பதினாறு வயது, ஆவணி மாதம், உன் சித்தப்பாவின் வள்ளம். மறந்திருக்க மாட்டாய். சோழகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காலம், கரையில் நின்று பார்த்தால் கடல் பாய் விரித்த மாதிரித் தட்டையாக இருக்கும். கரையோரப் பாறைப் பாருக்கு நடுவே உள்ள வான் என்ற வழியால் வெளியேறிப் பருத்தித்துறைப் பக்கம் திரும்பினோம், அரை மணித்தியாலம் பறந்தோம். காங்கேசன்துறைக்குப் போவதாகத்தான் முதலில் பேசிக்கொண்டோம், காற்று சுகமாக இருந்ததால் அந்த இடத்திலேயே மனதை மாற்றினோம். திரும்பி வரப் பார்த்தபோது முன்னேறவே முடியவில்லை. பாயைச் சுருட்டித் தண்டு வலித்தும் வெளிச்சவீடு சின்னதாகிக்கொண்டே போனது. மீன்பிடிக்கு வந்த இயந்திரப் படகு கண்டு கட்டி இழுத்திராவிட்டால் எங்கேயோ தொலைவில் கரை கண்டிருப்போம், அல்லது கண்டிருக்கவே மாட்டோம். இரவு பத்து மணிக்குக் கரையேறினால் உன் அம்மா அரிக்கன் லாம்போடு நிற்கிறா, ஊர் முழுக்க மேற்கே காங்கேசன்துறைப் பக்கம் தேடிப் போயிருக்கிறது! உன் அப்பப்பா அடிக்கவில்லை. "எங்கே போறன் எண்டு சொல்லாதவனை எங்கே போய்த் தேடுறது?" என்று மட்டும் கேட்டார். தண்டையலாக, பாய்க்கப்பலுக்குத் தலைவனாக, வேலை பார்த்த மனிசன்.

அதனால் தங்கச்சியின் கையில் ஒரு தாள் கொடு. படகின் பெயர், நிறம், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எந்த நேரத்துக்குப் பிறகு கரையோரக் காவலுக்கு அழைக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கட்டும். செயலியில் பதிந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பாதே. திட்டம் மாறினால் அவவுக்கு முதலில் தெரிய வேண்டும்.

இனி நகலைப் பற்றி. பென்சிலால் போட்ட கணக்கு வடிவாக இருக்கிறது, ஒரு பிழையைத் தவிர. வற்றுப்பெருக்கு அட்டவணையில் போர்ட்ஸ்மத் நேரம் கிறீன்விச் நேரத்தில் அச்சாகியிருக்கிறது. கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்ட வேண்டும், நீ கூட்டவில்லை. பிரான்ஸ் பக்கத்து அட்டவணை அந்த நாட்டு நேரத்தில் இருக்கும், அதற்கும் கோடை மணித்தியாலம் தனி. இப்படியே போனால் ஹேர்ஸ்ற் கோட்டை ஒடுக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் எதிர்நீரோடு மல்லுக்கட்டுவாய். அங்கே உவா நாட்களில், அமாவாசை பௌர்ணமியையொட்டி, நீர் நான்கு நொட், அதாவது மணிக்கு நான்கு கடல்மைல், ஓடும், உன் படகு ஐந்து நொட்தான். நம் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடுவதால் எங்களுக்கு இந்தப் புத்தி பிறவியில் வராது. சரியான நேரத்தில் போனால் வற்று உன்னை வெளியே தள்ளிவிடும். ஆனால் தென்மேற்குக் காற்று பலமாக முகத்துக்கு அடிக்கும் நாளென்றால் அதே வற்றுக்கு எதிரே அலை சுவராக எழும். அப்படியான நாளில் வீட்டிலேயே இரு.

ஆங்கிலக் கால்வாயின் நடுவில் இன்னொரு சங்கதி. பன்னிரண்டு மணித்தியாலப் பயணத்தில் ஆறு மணித்தியாலம் நீர் உன்னைக் கிழக்கே கொண்டுபோகும், ஆறு மணித்தியாலம் மேற்கே. திரையில் படகு நீ போட்ட கோட்டிலிருந்து பல மைல் விலகுவதைப் பார்த்து உன் மருமகன் பதறுவான், கோட்டுக்கு இழுப்பான். விடாதே. கிளம்பும் முன் மணிக்கு மணி கூட்டிக் கழித்து ஒரே திசையைப் பிடித்துப் போனால் படகு பாம்பு மாதிரி வளைந்து போய்ச் செர்பூர் வாசலுக்கே வந்துவிடும். ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தக் கோட்டின் பின்னாலேயே ஓடுகிறவன் நீரோடு சண்டைபிடித்தே பின்தங்குவான்.

கப்பல்களைப் பற்றி என்னிடம் கேட்டாய். இருபத்தெட்டு வருடம் மேலே நின்று பார்த்தவன் சொல்கிறேன், உன்னை நாங்கள் காண்பதில்லை. கொள்கலன் கப்பலின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, முன்னால் ஐந்நூறு மீற்றர் வரை கடல் மறைந்திருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கண்ணாடிநார்ப் படகு ராடாரில் சரியாக விழாது, அலை கிளம்பிவிட்டால் அதுவும் இல்லை. ராடார் அலையைத் திருப்பி அனுப்பும் தெறிப்பான் ஒன்றைப் பாய்மரத்தில் உயரமாகக் கட்டு. 20 நொட்டில் வருகிறவன் மூன்று நிமிடத்துக்கு ஒரு மைல் விழுங்குவான். ஆறு மைலில் கண்டால் உனக்குப் பதினெட்டு நிமிடம், தேத்தண்ணி குடித்து முடிக்க இல்லை. திசைகாட்டியில் அவன் இருக்கும் திசையைக் குறித்துக்கொள். சிறிது நேரம் கழித்தும் அது மாறாமல் அவன் மட்டும் பெருத்துக்கொண்டு வந்தால் மோதப் போகிறீர்கள். ஆங்கிலக் கரைப் பக்கம் இடப்புறமிருந்து வருவார்கள், பாதி தாண்டியதும் வலப்புறமிருந்து. பாய்ப் படகுக்கு முன்னுரிமை என்று வகுப்பில் படித்ததை ஒடுங்கிய வாய்க்காலில் நினைக்காதே. உன் சவுத்தாம்ரன் வாய்க்காலில் 150 மீற்றருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் ஆயிரம் மீற்றர், பக்கத்துக்கு நூறு மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்று உள்ளூர் விதியே இருக்கிறது.

மாற்றுத் துறை என்ற இடத்தில் பார்ஃபிளர் என்று எழுதியிருக்கிறாய். வற்றில் அங்கே சேறுதான். சென் வாஸ்ற் துறைக்குக் கதவு, அதுவும் வற்றில் பூட்டிக் கிடக்கும். செர்பூருக்கு எந்த நேரமும் நுழையலாம், அதைத் தேர்ந்ததில் பிழையில்லை. ஆனால் உன் உண்மையான மாற்றுத் துறை வீடுதான். மூன்று மணித்தியாலத்தில் பன்னிரண்டு மைல் தாண்டவில்லை என்றால் திரும்புவேன், காற்று போஃபோர்ட் அளவில் ஐந்துக்கு மேல் என்று அறிவித்தால் கிளம்பவே மாட்டேன் என்று இப்போதே, குளிரில் வீட்டுக்குள் இருந்துகொண்டே, மையால் எழுதி வை. அந்த நேரத்தில் மருமகன் சத்தி எடுத்துக்கொண்டிருப்பான், உனக்கு மானம் ரோசம் எல்லாம் வந்துவிடும், படகில் இருந்துகொண்டு அதை முடிவெடுக்க முடியாது. அன்றைக்குப் பருத்தித்துறை நோக்கித் திரும்பியபோது நீதான் சுக்கான் பிடித்திருந்தாய். நானும் வாயைத் திறக்கவில்லை.

லைஃப் ஜக்கெட், இடுப்பில் கொளுவும் கயிறு, உதவி கேட்கும் ரேடியோவின் 16ஆம் சனல் எல்லாம் உனக்குத் தெரியும், எழுதவில்லை. இரவானால் தனியாக மேலே நிற்காதே.

இங்கே மழை இம்முறை அளவாகத்தான். உன் வளவுக் கறுத்தக்கொழும்பான் மா பூத்திருக்கிறது, வௌவாலுக்கு வலை போட ஆள் பிடித்திருக்கிறேன்.

திருத்திய கணக்கை எனக்கும் ஒரு நகல் அனுப்பு. காலை ஆறுக்கு நீடில்ஸ் தாண்டினால் மாலை ஆறளவில் போய்ச் சேருவாய், அப்போது இங்கே இரவு பத்தரை. நித்திரை கொள்ள மாட்டேன். படகைக் கட்டிவிட்டுத் தங்கச்சிக்கு முதலில் எடு, பிறகு எனக்கு.

உன் கூட்டாளி